ஊரார் வரையும் நிலப்படம்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்த வழிப்போக்கர், மரத்தடியில் அமர்ந்திருக்கும் முதியவரை அணுகி, மருத்துவமனைக்கு வழி கேட்கிறார். “நேரே போகாதீர்கள் தம்பி, ஓடைப்பாலம் உடைந்து கிடக்கிறது. இடக்கைப் பக்கத் தெருவில் திரும்பிக் கோயிலைச் சுற்றிப் போங்கள்” என்கிறார் முதியவர். வழி கூறியதற்கு அவர் கூலி கேட்பதில்லை. தம் பெயரையும் கூறுவதில்லை. அவர் கூறிய செய்தியோ எந்தப் பெருநூலிலும் காணக் கிடைக்காதது. அவ்வூர்த் தெருக்களில் நாள்தோறும் நடந்து பழகிய கால்கள் கற்ற கல்வி அது. அக்கல்வியைத் திரட்டி உலகோர் அனைவர்க்கும் உரியதாக்கும் முயற்சியே மக்கள் கூடி வரையும் நிலப்படம்.

முற்காலத்தில் நிலத்தை அளந்து படம் வரைதல் எளிய செயலாக இருந்ததில்லை. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், சென்னைப் பரங்கிமலையை அடுத்த நிலத்தில் அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கினார். கோணம் அளப்பதற்கு அவர் கொண்டுசென்ற கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். 1808ஆம் ஆண்டில் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி மோதிப் பழுதுற்றது. மனம் தளராத லாம்டன் அதனைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். அரசின் பொருளும் எண்ணற்றோர் உழைப்பும் இல்லாமல் அந்நாளில் நிலப்படம் உருவாதல் அரிது.

இன்றோ, சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியே நிலமளக்கும் கருவியாகவும் உதவுகிறது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் நான்கேனும் அனுப்பும் குறிகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, தான் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் அது அறிந்துகொள்கிறது. இவ்வாய்ப்பு வளர்ந்துவந்த காலத்தில், 2004ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் பணியைத் தொடங்கினார். மக்கள் தாமே வரைவதும், எவரும் விலையின்றிப் பயன்படுத்துவதும், மூலத்தைக் குறிப்பிட்டு எங்கும் வழங்குவதும் அதன் நெறி.

வானிலிருந்து எடுத்த ஒளிப்படம் கூரையைக் காட்டும். கூரையின்கீழ் இருப்பது பள்ளியா, பண்டகசாலையா என்று கூறாது. தெருவைக் காட்டும், தெருவின் பெயரைக் கூறாது. குழாயடியில் வரும் நீர் குடிப்பதற்கு ஏற்றதா, வாயிற்படியில் சக்கர நாற்காலி ஏறுமா என்பவற்றை அருகில் சென்று கண்டவரே அறிவர். ஆதலால் ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ போன்ற கைப்பேசிச் செயலிகள், நடந்து செல்வோரிடம் சிறுசிறு வினாக்களைக் கேட்கின்றன. “இத்தெருவின் பெயர் யாது? இச்சாலை மண்ணா, தாரா? இக்கடை எப்போது திறக்கும்?” பள்ளி விட்டு வீடு திரும்பும் மாணவர் ஒருவர் கண்டதைக் கண்டவாறு குறித்தால், அவ்விடை நிலப்படத்தில் சேர்ந்துவிடுகிறது.

இச்சிறு பணியால் விளையும் பயனுக்கு உலகில் சான்றுகள் உண்டு. கென்யா நாட்டின் நைரோபி நகரில் கிபேரா என்னும் குடிசைப் பகுதி உள்ளது. மக்கள் நெருங்கி வாழ்ந்தும் நிலப்படத்தில் அவ்விடம் வெற்றிடமாகவே கிடந்தது. 2009ஆம் ஆண்டில் அப்பகுதி இளைஞர்களே கையடக்கக் கருவிகளுடன் சந்துதோறும் நடந்து, நீர்க்குழாய்களையும் கழிப்பிடங்களையும் மருந்தகங்களையும் பள்ளிகளையும் குறித்தனர். இல்லாதது போலக் கிடந்த ஊர் உலகின் கண்ணுக்குத் தெரிந்தது. 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் ஹைட்டி நாட்டைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோது, அதன் தலைநகருக்குத் தெளிவான தெருப்படம் இல்லை. பல நாட்டுத் தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து இரவும் பகலும் தெருக்களை வரைந்தனர். மீட்புப் படையினர் அப்படத்தைத் தம் கருவிகளில் ஏந்திச் சென்றனர்.

உயிர்காக்கும் பணிக்கு உதவுவதாகலின், இதில் வாய்மை இன்றியமையாதது. பாலம் இருக்குமென்று ஊகித்துக் குறிப்பவர், இருளில் விரைந்துவரும் மருத்துவ ஊர்தியை ஓடைக்கரையில் நிறுத்திவிடுவார். கண்டதை மட்டும் எழுதுதல், ஐயமுற்றதை விட்டுவிடுதல், பிறர் உரிமை கொண்ட படத்தைப் பார்த்துப் படியெடாமை, வீடுகளில் வாழ்வோரின் பெயரையும் மறைச்செய்திகளையும் பதியாமை ஆகியன இப்பணியின் ஒழுக்கங்கள். சாலையில் நடக்கும்போது கண் கைப்பேசியில் பதிந்திருத்தல் தகாது. ஓரமாக நின்று குறித்தலே அறிவுடைமை. அறியாமல் நேர்ந்த பிழையைப் பின்வருவோர் திருத்தலாம். திருத்தங்களின் வரலாறும் அழியாமல் காக்கப்படுகிறது. அறிந்தே எழுதிய பொய்யோ, அது திருத்தப்படுவதற்குள் யாரை எங்கே வழிதவறச் செய்யும் என்பதை எவரும் கூற இயலாது.

மரத்தடி முதியவர் சொன்ன சொல் ஒரு வழிப்போக்கருக்கு உதவியது. அவர் எழுந்து வீடு சென்றபின் வருவோருக்கு அது கிட்டாது. அச்சொல்லே நிலப்படத்தில் ஏறுமாயின், நள்ளிரவில் வருவோருக்கும் அது வழிகாட்டும். படத்தின்மீது வரைந்தவர் பெயர் தெரிவதில்லை. உடைந்த பாலத்தைக் குறித்த மாணவரை, வேறு வழியாக உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்த நோயாளி ஒருநாளும் அறியப் போவதில்லை. எனினும், அவர் பிழைத்து வீடு திரும்பும் வழியில் அம்மாணவரின் உழைப்பும் இருக்கிறது.