பாட்டுக்கு முன்நிற்பவள்

மார்கழி விடியலில் எங்கள் தெருப் பெண்மணிகள் 12 பேர் கூடித் திருப்பாவை பாடுகிறோம். முன்நின்று பாடுவது நான். போன வருஷம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நாலு நாளாக வரவில்லை. "அவ பேரை எடுத்துடுங்க மாமி" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை பத்துப் பாட்டு, தூங்குகிற தோழிகளை எழுப்பத்தானே பாடினாள் ஆண்டாள்! 15-ஆம் பாட்டில் உள்ளேயிருப்பவள், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று வாதத்தை முடித்துவிடுகிறாள். என்ன பெரிய மனசு!

அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவிடவில்லையாம். தாமதமாக வந்தால் ஏதாவது சொல்வோமோ என்று பயமாம். "கடைசிப் பாட்டுக்கு வந்தாலும் போதும்மா" என்றேன். மறுநாளே வந்துவிட்டாள்.

சகோதரிகளே, பஜனைக்கோ பூஜைக்கோ முன்நிற்பவள், 'என் குரலில் மற்றவர் குரல் அமுங்குகிறதா? யாரை விட்டுவிட்டு வந்தேன்?' என்று தினமும் தன்னையே கேட்டுக்கொள்ளணும்.