உரலில் கூடும் சுவைகள்

எளியவரின் உணவென்று ஒதுக்கப்பட்ட ஒன்று, காலப்போக்கில் ஒரு நாட்டின் பெருமையாகவே உயர்வதுண்டு. தாய்லாந்தின் 'சோம் தம்' அத்தகையது. 'சோம்' என்றால் புளிப்பு. 'தம்' என்றால் இடித்தல். பழுக்காத பப்பாளிக் காயை உரலிலிட்டு இடித்துச் செய்யும் இவ்வுணவை, மீகாங் ஆற்றின் மறுகரையிலுள்ள லாவோஸ் மக்களும் தமதென்றே போற்றுகின்றனர்.

இதன் செய்முறை எளிது. பக்குவமோ கைப்பழக்கத்தால் வருவது. காயின் தோலைச் சீவிப் பால் போகக் கழுவுகின்றனர். பின்பு அதை இடக்கையில் ஏந்தி, கத்தியால் நீளவாக்கில் நெருக்கமாகக் கொத்தி, மேலாகச் சீவினால் மெல்லிய இழைகள் உதிர்கின்றன. ஆழமான மண்ணுரலில் முதலில் பூண்டும் ஊசி மிளகாயும் விழும். பின்னர்ப் பனை வெல்லம், காராமணிக் காய், தக்காளி, உலர்ந்த சிற்றிறால், வறுத்த வேர்க்கடலை ஆகியன சேரும். இறுதியாகப் பப்பாளி இழைகளும், உப்பிட்டு நொதிக்க வைத்த மீனின் தெளிநீரும், எலுமிச்சைச் சாறும். வலக்கை மர உலக்கையால் இடிக்க, இடக்கைக் கரண்டி அடியிலிருந்து புரட்டிக்கொண்டேயிருக்கும். ஓங்கி இடித்தால் காய் கூழாகிவிடும். இடிக்காமல் விட்டாலோ சாறு உள்ளே இறங்காது. காய் தன் நறுமுறுப்பை இழக்காமலே பிறவற்றின் சுவையை ஏற்க வேண்டும்.

பாங்காக் நகரில் நாம் சில நாள் தங்கியிருந்தபோது, தெருவோரத் தள்ளுவண்டி ஒன்றின் அருகே நின்று இதனைக் கண்டோம். வண்டிக்கார அம்மையார் ஒவ்வொருவரிடமும், "மிளகாய் எத்தனை?" என்று வினவினார். ஒருவருக்கு ஒன்று, மற்றொருவருக்கு ஐந்து. ஒவ்வொரு தட்டும் தனியே இடிக்கப்பட்டது. நமக்காக இடித்ததில் ஒரு கரண்டி எடுத்து நீட்டி, சுவைத்துப் பார்க்கச் சொன்னார். "புளிப்புப் போதுமா?" என்று உடன் வந்த அன்பர் வழியாகக் கேட்டு, இன்னும் அரை எலுமிச்சையைப் பிழிந்தார். கையால் உருட்டிய ஒட்டரிசிச் சோற்றோடு அதனை உண்டபோது, கண்ணில் நீரும் நாவில் இனிமையும் ஒருங்கே வந்தன.

அவர் 'ஈசான்' பகுதியைச் சேர்ந்தவர். நாம் ஈசானிய மூலை என்கிறோமே, அந்த வடமொழிச் சொல்லே அங்கும் வடகிழக்கைக் குறிக்கிறது. 20 மாகாணங்களைக் கொண்ட அந்த மேட்டுநிலத்தில், தாய்லாந்து மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாழ்கின்றனர். மணற்பாங்கான மண், மழையை நம்பிய உழவு. விளைச்சல் பொய்த்தபோது அவர்கள் தலைநகருக்குப் பிழைக்க வந்தனர். கட்டடம் எழுப்பினர், வாடகை வண்டி ஓட்டினர், பிறர் வீடுகளில் பணிசெய்தனர். தம் உரலையும் சுவையையும் உடன் கொணர்ந்தனர். அவர்களது பேச்சையும் நிறத்தையும் நகரத்தார் பலர் எள்ளினர். அவர்கள் விரும்பிச் சேர்க்கும் 'பிளா ரா' என்னும் நொதித்த மீனின் வாடையையும் பழித்தனர்.

ஆயினும் சுவை வென்றது. தாய்லாந்தின் இளவரசி சிரிந்தோன் இவ்வுணவின் செய்முறையையே பாடலாக எழுதினார். கரும்புத் தோட்டத் தொழிலாளரின் மகளான பும்புவாங் துவாங்சான் அதனைப் பாடினார். இன்று உயர்தர விடுதிகளிலும் சோம் தம் கிடைக்கிறது.

வியப்பென்னவெனில், பப்பாளியும் மிளகாயும் தக்காளியும் வேர்க்கடலையும் ஆசியாவில் தோன்றியவையல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்தேறிக் காய்களை அம்மண் தன்னவையாக்கிக்கொண்டது. ஆனால் சொந்த நாட்டின் வடகிழக்கிலிருந்து வந்த மனிதரைத் தன்னவராக ஏற்க அந்நகரம் எத்துணை தயங்கியது! உணவு ஏறிய மேசையில், அதனைக் கொணர்ந்தவருக்கும் இடம் கிடைத்ததா?

இக்கேள்வி பாங்காக்குக்கு மட்டும் உரியதன்று. நாம் விரும்பி உண்ணும் எத்தனையோ உணவுகளின் பின்னே, நாம் பெயர் கேட்டறியாத கைகள் உள்ளன. அந்த அம்மையார் நம் நாவுக்கு ஏற்றது எதுவென்று நம்மிடமே கேட்டார். அவர் போன்றோரின் ஊரையும் பாட்டையும் கேட்டறிவது, உண்டவர் செலுத்த வேண்டிய கடனன்றோ?