பெயரை விற்றோம், வாக்கை என்ன செய்தோம்?



மதரஸாவில் 'லுகத்தா' எனப்படும் கண்டெடுத்த பொருளைப் பற்றிய பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். வழியில் கிடந்த பொருளை எடுத்தவர் அதன் பையையும் கட்டையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை விளக்கி முடித்ததும், ஒரு மாணவர் எழுந்தார்.

"உஸ்தாத்! உலோகம் கண்டறியும் கருவியோடு வேண்டுமென்றே தேடிப்போய் எடுத்தால்?" என்றார்.

தேடி எடுத்ததனால் உரியவரின் உரிமை அழிந்துவிடாது என்றேன். முற்காலத்தவர் புதைத்து வைத்த 'ரிகாஸ்' ஆயின் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கப்பட வேண்டும் என்பதையும், நம் நாட்டில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கோரும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும் எடுத்துரைத்தேன். பாடம் முடிந்தது. ஆனால் அந்தக் கருவி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் அது சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதன் எதிரொலியைக் கருவி உணர்ந்து ஓசையாகத் தருகிறது. அமெரிக்காவில் கடற்கரைகளிலும் வயல்களிலும் இக்கருவியோடு ஓய்வு நேரத்தைக் கழிப்போர் ஏராளம். அவர்களுக்கு அது வெறும் இயந்திரமன்று. பல்லாண்டுக் காலத் தோழன்.

ஓரிகன் மாநிலத்தின் ஸ்வீட் ஹோம் என்னும் சிற்றூரில், கென்னத் ஒயிட் என்பவர் 1950இல் தொடங்கியது 'ஒயிட்ஸ்' நிறுவனம். எழுபது ஆண்டுகள் நடந்த அந்த நிறுவனம், கொரோனா பரவிய 2020இல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்புகளையும் அறிவுசார் உரிமைகளையும் டெக்சாஸ் மாநிலத்தின் 'கேரட்' நிறுவனம் வாங்கிக் கொண்டது. 1964இல் தொடங்கப்பட்ட கேரட், ஒயிட்ஸுக்கு நெடுங்காலப் போட்டியாளர்!

செய்தி கேட்ட பொழுதுபோக்காளர்களின் உள்ளங்கள் பலவாறு அலைபாய்ந்தன. போட்டியாளர் வாங்கியது வளர்ப்பதற்கா, புதைப்பதற்கா எனச் சிலர் ஐயுற்றனர். தங்கள் கையிலுள்ள பழைய கருவி பழுதானால் யாரிடம் செல்வது என்று சிலர் கலங்கினர். நல்ல வடிவமைப்புகள் அழியாமல் ஒரு கையில் சேர்ந்தனவே என ஆறுதல் அடைந்தோரும் உண்டு. அந்த ஆறுதல் முற்றிலும் வீண்போகவில்லை. ஒயிட்ஸின் 'கோல்ட்மாஸ்டர் 24கே' என்னும் தங்கம் தேடும் கருவி பின்னர் கேரட்டின் பெயரில் வெளிவந்தது.

இதைவிட என்னைத் தைத்தது மற்றொரு செய்தி. அரிசோனாவில் 'டெசோரோ' என்றொரு நிறுவனம் இருந்தது. தன் கருவியை முதலில் வாங்கியவருக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருவது அதன் சிறப்பு. 2018 வாக்கில் அந்நிறுவனமே மூடப்பட்டது. யாருடைய வாழ்நாள் அது? வாங்கியவருடையதா, கொடுத்தவருடையதா?

இந்தக் கேள்வியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

மர்ஹூம் என் வாப்பா தையல் இயந்திரங்களை விற்றும் பழுது பார்த்தும் சிறு கடை நடத்தி வந்தார்கள். அவர்கள் மௌத்தான பின், கடையைப் பெயர்ப்பலகையோடு ஒருவருக்குக் கைமாற்றினோம். சில மாதங்கள் கழிந்து, தையலை நம்பி வாழும் விதவை மாமி ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இந்த மெஷினுக்கு ஆயுசுக்கும் நான் பொறுப்பு என்று சொல்லித்தான் உங்க வாப்பா கொடுத்தாங்க. இப்போ கடையிலே பணம் கேட்கிறாங்களே!" என்றார்.

"மாமி, கடையை விற்றுவிட்டோம். இனி அது எங்கள் பொறுப்பல்ல" என்றேன். அமானத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் நாவுதான் அதைச் சொன்னது.

மாமி ஒன்றும் பேசாமல் திரும்பினார். உள்ளிருந்து உம்மா கேட்டார்கள்: "கடையை விற்கும்போது வாப்பாவுடைய பெயருக்கும் சேர்த்துத்தானே விலை வாங்கினாய்? பெயரின் விலை உனக்கு. பெயரின் பாரம் அந்த ஏழைக்கா?"

என்னிடம் பதில் இல்லை. தெருமுனை வரை ஓடிச்சென்று மாமியை அழைத்து வந்தேன். பழுதுக்கான செலவை நானே கொடுத்தேன். பிறகு வாப்பாவின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினால், அவ்வாறு வாக்களிக்கப்பட்டவர்கள் மேலும் சிலர் இருந்தனர். அதை எடுத்துக்கொண்டு புதிய உரிமையாளரிடம் சென்றேன். அவர் நல்ல மனிதர். "இதை முன்பே சொல்லியிருந்தால் விலையிலேயே கழித்திருக்கலாமே!" என்றார். உழைப்பு அவருடையது, உதிரிப் பாகங்களின் செலவு எங்களுடையது என முடிவாயிற்று.

இத்தகைய வாக்கு கடனாகுமா, வெறும் நல்லெண்ணமா என்பதை மார்க்க அறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் வாரிசுரிமையைப் பங்கிடுமுன் மரணித்தவரின் கடனைத் தீர்க்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அவ்வாறிருக்க, கடையைக் கைமாற்றும்போது இருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் எழுதும் நாம், கொடுத்த வாக்குகளை மட்டும் ஏன் எழுதாமல் விடுகிறோம்?

சகோதரர்களே! உங்களில் யாரேனும் தொழிலை விற்கவோ வாங்கவோ நாடினால், ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விற்பவர் மறைக்க வேண்டாம். வாங்குபவர் கேட்கத் தயங்க வேண்டாம்.

மண்ணுக்குள் மறைந்த காசைக் காட்டிக்கொடுக்கக் கருவி உண்டு. மறந்துபோன வாக்கைக் காட்டிக்கொடுக்க, வாசலில் வந்து நிற்கும் ஓர் ஏழையைத்தான் அல்லாஹ் அனுப்புகிறான். அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதிருக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.