கடைசி இலக்கம்

ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் தோழியர் தபால்தலை சேர்த்தல், பூத்தையல், தோட்டம் போடுதல் என்று எழுத, எங்களில் மூத்தவள் 'ரயில் பார்த்தல்' என்று எழுதி வைத்தாள்.

"ரயிலில் போவதா, ரயிலைப் பார்ப்பதா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பார்ப்பதுதான், சிஸ்டர்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம். 'நாங்கள்' என்றால் பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காளும் ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கையும். பேனா அக்காளிடம், திருத்தம் தங்கையிடம்.

இது நாங்கள் கண்டுபிடித்த பைத்தியம் அல்ல. இங்கிலாந்தில் இயன் ஆலன் என்ற இருபது வயது ரயில்வே எழுத்தர், 1942-ல் எஞ்சின்களின் எண்களையெல்லாம் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போட்டார். பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் நுனியில் போய் நின்று, பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே கோடு போட்டார்கள். அவர்களுக்கும் ஏமாற்றம் வந்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சின்களின் ஓட்டம் முடிந்துவிட்டது. கோடு போடாமல் விட்ட எண்கள் விட்டவைதான்.

எங்களிடம் அச்சிட்ட புத்தகம் கிடையாது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றுதான். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பாதை எங்கள் தெருமுனைக்கு எதிரே ஓடுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கவேண்டும். அது தாத்தாவின் சட்டம்.

எஞ்சினின் பெயரே ஒரு கணக்குப் போல இருக்கும். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்பாதை. டி டீசல், ஏ மாறுமின்சாரம். பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்கு வண்டிக்கு. அதன் பிறகு ஐந்து இலக்க எண். விலாவில் ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று அதன் சொந்த ஷெட்டின் பெயர். இவ்வளவையும் வண்டி கடக்கும் இரண்டு மூன்று விநாடிக்குள் படிக்கவேண்டும். தோழியரே, சிரிக்குமுன் ஒருநாள் முயன்று பாருங்கள்!

எங்கள் தாத்தா மீட்டர்கேஜ் காலத்தில் கேட்கீப்பராக இருந்தவர். ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்களை எத்தனையோ ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒன்றின் எண்ணைக்கூட எழுதி வைக்கவில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் முதன்முதலாக ஓடியபோது கேட்டைச் சாத்திவிட்டு நின்றவர் அவர்தான்.

"அன்னைக்கு எஞ்சின் நம்பர் என்ன தாத்தா?"

"கொடியப் புடிப்பேனா, நம்பரப் படிப்பேனா? போங்க தாயி!"

எங்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பாம்பன் கதையைக் கேளுங்கள். 1914-ல் திறந்த அந்தப் பழைய பாலத்தின்மேல், இரு புறமும் கடல் தெரிய ஒரு முறையாவது போய்விடவேண்டும் என்று அப்பாவைக் குடைந்தோம். காலாண்டு விடுமுறையில் போகலாம் என்றார். அப்போது தங்கைக்குக் காய்ச்சல். சரி, கிறிஸ்துமஸ் முடிந்ததும் என்று நாள் குறித்தோம். 2022 டிசம்பர் 23-ஆம் நாள் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நான்கு நாள் வித்தியாசம்! 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு கோடை விடுமுறையில் போனோம். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் பாலம், அழகுதான். ஆனால் நாங்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தில் ரயிலில்லாமல் நின்ற பழையதைத்தான்.

வந்தே பாரத் வேறு வகை ஏமாற்றம். 2023 செப்டம்பர் 24 அன்று திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு முதல் ஓட்டம். தெருவே வேலியோரம் கூடியது. வெள்ளையாக ஏதோ பறந்தது. அதில் எஞ்சின் என்று தனியாக ஒன்று இல்லையென்பதே பிறகுதான் உறைத்தது. நோட்டில் 'பார்த்தோம்' என்று மட்டும் எழுதினோம்.

இனிச் சொல்வதுதான் சொல்லக் கடினமானது.

தாத்தாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. திண்ணைக் கட்டிலில் படுத்தபடியே சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்வார். மின்சார எஞ்சின் முனகிக்கொண்டு போய்விடும். டீசல் எஞ்சின் வருவது வயிற்றிலேயே தெரியும். எங்கள் பாதையில் மின்கம்பி வந்த பிறகு டீசல் குறைந்துபோனது. அதனால் பொன்மலை ஷெட் டீசல் என்றால் எங்களுக்குத் தீபாவளிதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்து எண்களைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுவோம். அவருக்கு அது பிடிக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஜல்லி வண்டியை இழுத்துக்கொண்டு பொன்மலை டீசல் ஒன்று வந்தது. தங்கை வாசித்தாள், அக்காள் எழுதினாள். நான்கு இலக்கம் தெளிவாகக் கிடைத்தது. ஐந்தாவது தூசியும் கரியும் படிந்து, 3 என்றும் சொல்லலாம், 8 என்றும் சொல்லலாம் என்றிருந்தது. 3 என்றால் முந்தின வியாழக்கிழமை எழுதிய அதே எஞ்சின். 8 என்றால் புதியது.

8 என்று எழுதினோம். எழுதியது அக்காள், "ஆமா, எட்டுதான்" என்றவள் தங்கை. ஆகவே பங்கு சமம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாத்தா கேட்டார்: "போன வியாழக்கிழமை வந்த அதே கரகரத் தொண்டைக்காரன்தானே?" அந்த எஞ்சினின் ஹாரன் சளி பிடித்தாற்போல் ஒலிக்கும். அதை வைத்துத்தான் கேட்டார்.

"இல்ல தாத்தா. இது வேற. புது நம்பர்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப காதும் போயிருச்சு போல" என்றார்.

அன்றிலிருந்து வண்டி வந்தால் அவராக எதுவும் சொல்வதில்லை. "என்ன வண்டி தாயி?" என்று எங்களையே கேட்கிறார். நாங்களும் சொல்கிறோம். மூன்று ஞாயிறு சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். மூன்று முறையும் வேறு ஏதோ பேசிவிட்டு எழுந்து வந்தோம். நோட்டில் அந்த 8-க்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். தங்கை தான் போடவில்லை என்கிறாள். அக்காளும் போடவில்லை.

பள்ளி மலர் வீட்டுக்கு வந்தால், எங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைத் தாத்தாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டவேண்டும் என்பது வீட்டு வழக்கம். இந்த முறை வாசிப்பது தங்கையின் முறை. அக்காளே வாசிக்கட்டும் என்கிறாள் அவள்.