ஸ்டாக் பிரிவைக் காப்பாற்றலாம்

அமெரிக்க ரிமோட் கார் கிளப்புகளில் 'ஸ்டாக்' பிரிவு இருப்பதே புதிதாக வருபவர்களுக்காகத்தான். 1:10 அளவு டூரிங் கார், 17.5 சுற்று பிரஷ்லெஸ் மோட்டார். மோட்டாரில் கம்பிச் சுற்று கூடினால் வேகம் குறையும். 2010 வாக்கில் ஸ்பீடு கன்ட்ரோலரின் மென்பொருளே டைமிங்கை (மோட்டார் சுருள்களுக்கு மின்சாரம் எவ்வளவு முன்கூட்டிப் போகிறது என்பதை) ஏற்றித் தர ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு கலைந்தது; சாதுவான மோட்டார் பேய் வேகத்தில் பறந்தது.

அப்போது வந்ததுதான் 'பிளிங்க்கி' விதி. மென்பொருள் டைமிங் பூஜ்ஜியமாக இருந்தால் கன்ட்ரோலரில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும். குனிந்து பார்த்தால் போதும், சோதனை முடிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது.

ஆனால் செலவு வேறு வழியில் உள்ளே வந்துவிட்டது. மோட்டாரின் பின்மூடியைத் திருப்பினால் டைமிங் ஏறும். சூட்டைத் தணிக்க ஒரு விசிறி. நல்ல மோட்டார் அமையும்வரை ஒன்று மாற்றி ஒன்று வாங்குகிறார்கள். புதுப் பையன் எப்படித் தாக்குப்பிடிப்பான்?

என் யோசனை இதுதான்: டைமிங் பூட்டிய மோட்டார், ஒரே கியர் விகிதம், எல்லாருக்கும் ஒரே டயர். மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். மோட்டாரை மட்டும் பூட்டினால் பணம் டயரில் போய் இறங்கும். வின்டேஜ் டிரான்ஸ்-ஆம் பிரிவைப் பாருங்கள்: 25.5 சுற்று மோட்டார், குறிப்பிட்ட ரப்பர் டயர், பழைய மஸ்டாங், கமாரோ பாடிகள். வேகம் குறைவுதான், ஆனால் வளைவுக்கு வளைவு போட்டி இருக்கிறது!

விதிகளை மாற்ற உட்காரும் கிளப்புகளே, கடைசியாக வந்து சேருபவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.