சூகாயில் சூடிய வாகை

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் பெருஞ்சாலை இராசிபுரத்தைக் கடந்ததும் அகன்ற சமவெளியின் ஊடே நீண்டு செல்கிறது. இடப்புறத்தே கொல்லிமலை நீல மதில்போல் நெடுந்தொலைவு உடன் வருகிறது. நாமக்கல்லை நெருங்க நெருங்கச் சாலையோரத்து ஒலி மாறுகிறது. சம்மட்டி இரும்பின்மேல் விழும் ஓசையும், மரம் அறுக்கும் ஓசையும், வெல்டிங் பொறி சீறும் ஓசையும் கலந்து எழுகின்றன. அவை லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள். எஞ்சினும் சக்கரமும் சேசிஸும் மட்டுமாக வந்து நிற்கும் வண்டிக்குத் தச்சரும் கொல்லரும் மின்பணியாளரும் வண்ணம் தீட்டுவோரும் உருவம் கொடுக்கின்றனர். அங்ஙனம் உருப்பெற்ற லாரிகள் இமயம் வரையில் செல்கின்றன. அண்மையிலுள்ள திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகளோ வடபுலத்து வறண்ட நிலங்களிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டி மீள்கின்றன.

இத்தகைய மண்ணில் மோட்டார் வண்டி என்பது வயிற்றுக்கு வழி. வேகமாக ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டியைச் செய்து, அதனை வட்டமிட்டு ஓட்டிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வதை உழைப்பாளர் பலர் செல்வர் விளையாட்டு என்பர். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஒரு பந்தயக் காருக்கு ஆகும் செலவில் ஓர் ஊருக்கே நீர் கொணரலாம். எனினும், பட்டறையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்க்குப் பந்தயக்களத்தில் நிகழ்வது எளிதில் விளங்கும்; களத்தின் ஆரவாரத்தை மட்டும் கண்டவர்க்கு அது விளங்குவது அரிது.

விரைந்து ஓடும் ஊர்தியின்பால் மனம் செலுத்துவது இந்நிலத்திற்குப் புதியதும் அன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைப் போரில் வீழ்த்திய மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஏறியவனையும் ஏற்றிச் சென்றதனையும் ஒரே பெயரால் வழங்கினர் நம் முன்னோர். வென்றது வீரனா, குதிரையா என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை. அவ்வினா மோட்டார் வந்த பிறகே எழுந்தது.

தமிழகத்தில் மோட்டார்ப் பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கு விமானங்கள் இறங்குவதற்கென ஓடுபாதை அமைத்தனர். போர் முடிந்தபின் வெறுமையாகக் கிடந்த அப்பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடத் தொடங்கின. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. திரளான மக்கள் வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாது அங்குக் கூடுவர். பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தனிக்களம் அமைந்தது.

மேற்கே கோயம்புத்தூரில் கரிவரதன் என்னும் பொறியியல் வல்லார் ஒருவர் இருந்தார். மாருதிக் காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் குறைந்த செலவில் வடித்தவர் அவர். செல்வர்க்கே உரியது என்று கருதப்பெற்ற களத்தில் நடுத்தரக் குடும்பத்து இளைஞரும் கால் வைக்க அவர் செய்த கார் வழிகோலிற்று. 1995-இல் வானூர்தி விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். செட்டிபாளையத்துப் பந்தயக்களம் இன்று அவர் பெயரால் ‘கரி’ என்று வழங்குகிறது. கரி என்றால் யானை. முதலெழுத்தை ஒரு மாத்திரை நீட்டினால் காரியாகிவிடும்! இது சொல்லளவில் நேர்ந்த ஒற்றுமையே எனினும், தமிழ் கற்றார் அக்களத்தின் வழியே செல்லும்போது மலையமான் குதிரையை நினையாமல் போவது அரிது.

இச்சூழலில் வளர்ந்தவரே நரேன் கார்த்திகேயன். 1977-ஆம் ஆண்டு தைத்திங்கள் பொங்கலையொட்டி, சனவரி 14-இல் அவர் பிறந்தார். தந்தையார் கா‌ர்த்திகேயன் தென்னிந்திய ராலி என்னும் நெடுந்தொலைவுப் போட்டியில் பெயர் பெற்றவர். மைந்தர் பிரான்சு நாட்டில் பயிற்சி பெற்று, திருப்பெரும்புதூர்க் களத்தில் மாருதி எஞ்சின் பூட்டிய கார்களை ஓட்டிப் பழகி, பின்னர் இங்கிலாந்து சென்றார். 1996-இல் ஆசியப் பார்முலாப் போட்டியில் வாகை சூடினார். 2005-இல் ஜோர்டன் குழுவில் இடம் பெற்று, உலகின் தலைசிறந்த பந்தயமாகிய பார்முலா ஒன்னில் காரோட்டிய முதல் இந்தியரானார்.

அவ்வாண்டு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் களத்தில் அவர் நான்காமிடம் பெற்றார். அதனை இவ்வளவில் எழுதி நிறுத்துவது முழு உண்மையாகாது. டயர்கள் அக்களத்தின் வேகத்தைத் தாங்கா என்ற அச்சத்தால் இருபது கார்களில் பதினான்கு கார்கள் புறப்படும் முன்பே விலகிக்கொண்டன; ஓடியவை ஆறே. நான்காமிடம் நான்காமிடமே ஆயினும், பிறர் விலகியதால் கிட்டிய பேறு என்னும் சொல் அவரைப் பின்தொடர்ந்தது. அவ்வாண்டு முடிவில் ஜோர்டன் குழுவின் பெயரும் மறைந்தது. 2006-இல் வில்லியம்ஸ் குழு அவரைச் சோதனை ஓட்டுநராக அமர்த்திற்று. சோதனை ஓட்டுநரின் பணி விந்தையானது. காரின் குறை நிறைகளை ஓட்டிக் கண்டு சொல்வார் அவர். பந்தய நாளன்று அக்காரை ஓட்டுபவர் வேறொருவர். சமைத்தவர் பசித்திருக்கப் பந்தியில் பிறர் அமர்வது போன்றது அது.

இதனிடையே புதியதொரு போட்டித் தொடர் தோன்றியிருந்தது. 2005 செப்டம்பரில் தொடங்கிய அதற்கு ஏ ஒன் கிராண்ட் பிரீ என்று பெயர். துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மக்தூம் என்பார் அதனைத் தோற்றுவித்தார். மற்றப் பந்தயங்களில் தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று பொருதும். இங்கு நாடுகளே பொருதின. இத்தொடரின் சிறப்பு மற்றொன்றில் இருந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒரே கார். லோலா நிறுவனம் செய்த உடல், சைடெக் நிறுவனத்தின் எஞ்சின், ஒரே வகை டயர். எஞ்சினின் ஆற்றல் 520 குதிரைத்திறன். செல்வ நாடாயினும் எளிய நாடாயினும் பிறரைவிட ஒரு குதிரையைக்கூடக் கூட்டிக்கொள்ள இயலாது. “எங்கள் எஞ்சின் மட்டமானது, அதனால் தோற்றோம்” என்று சொல்லித் தப்புவதற்கு அங்கு வழியில்லை. ஓட்டுநரின் கை, பொறியாளரின் கணக்கு, சக்கரம் மாற்றுவோரின் விரைவு ஆகிய இவையே எஞ்சின.

அத்தகைய நேர்மையான களத்தில் இந்திய அணி வெற்றியின்றி இருந்தது. சென்னை இளைஞர்களாகிய கருண் சந்தோக்கும் அர்மான் இப்ராகிமும் முதலாண்டில் ஓட்டினர். முயற்சி குறைவில்லை, முதலிடம் மட்டும் எட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மூன்றாம் ஆண்டில் நரேன் கார்த்திகேயன் இந்தியக் காரில் அமர்ந்தார். அவர்க்கும் அணிக்கும் நிலை ஒன்றே. உலக அரங்கு வரை சென்று இடமிழந்து வந்தவர் அவர். உலக அரங்கில் இடம் பெற்றும் வெல்லாதது அணி. மீண்டும் தோற்றிருப்பின், ஓட்டுநரைப் பற்றிய ஐயமும் அணியைப் பற்றிய ஐயமும் ஒருங்கே உறுதிப்பட்டிருக்கும்.

2007 டிசம்பர் 16. சீன நாட்டின் தென்கரையில், முத்தாறு கடலோடு கலக்குமிடத்தில், மக்காவை அடுத்துள்ள நகரம் சூகாய். அங்குள்ள களத்தின் ஒரு சுற்று நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மிகும், வளைவுகள் பதினான்கு. ஏ ஒன் தொடரில் ஞாயிறுதோறும் இரண்டு பந்தயங்கள். முதலாவது குறும்பந்தயம். அடுத்தது முதன்மைப் பந்தயம். ஒரு மணி நேரத்திற்கு மேல் நீள்வது. அதில் ஒவ்வொரு காரும் இருமுறை பணிமனை வாயிலில் நின்று சக்கரங்களை மாற்றியே ஆகவேண்டும்.

இருமுறை நிற்பதில்தான் பெரும்பான்மையான பந்தயங்கள் தோற்கின்றன. காற்றழுத்தத்தால் சுழலும் கருவியைச் சக்கரத்தின் நடுவேயுள்ள ஒற்றை மரையில் பொருத்தி, பழைய சக்கரத்தைக் கழற்றி, புதியதை மாட்டி, மீண்டும் முறுக்கிவிட்டுக் கை உயர்த்த வேண்டும். நான்கு மூலைகளிலும் நான்கு கைகள் உயர்ந்தாலன்றிக் கார் நகரலாகாது. மரை ஒன்று கோணலாக ஏறினால் போதும். ஓட்டுநர் அரும்பாடுபட்டு வளைவுதோறும் சேர்த்த நொடிகள் அவ்விடத்திலேயே சிந்திப் போகும். மரையை முறுக்கத் தவறிப் புறப்பட்டாலோ உயிருக்கே கேடு. நாமக்கல் பட்டறையில் சக்கரம் மாட்டும் சிறுவனை மேஸ்திரி கடிந்துகொள்வது பெரும்பாலும் இந்த மரைகளைப் பற்றியே. பத்து டன் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்கும் லாரிக்கும், மின்னலென விரையும் பந்தயக் காருக்கும் நடுவே வேறுபாடு பல உண்டு. மரையைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

அன்று இந்தியக் காருக்கு எல்லாக் கைகளும் உரிய நொடியில் உயர்ந்தன. ஓட்டுநரின் கையும் தவறவில்லை. நரேன் கார்த்திகேயன் முதன்மைப் பந்தயத்தில் முதல்வராக எல்லைக்கோட்டைக் கடந்தார். இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் பங்கு கொண்ட அத்தொடரில் இந்திய அணி பெற்ற முதல் வெற்றி அதுவே. வேற்று நாட்டுப் பந்தயக்களத்தில் மூவண்ணக் கொடி உயர்ந்தது. இம்முறை விலகிச் சென்றவர்களால் கிட்டிய இடம் என்று சொல்வார் இல்லை. ஒரே காரை ஓட்டிய பலரை முந்திப் பெற்ற இடம் அது.

ஓர் அணிக்கு முதல் வெற்றி காலந்தாழ்ந்து வருவது உலகெங்கும் கண்ட செய்தி. நரேன் முன்னர்ச் சேர்ந்திருந்த ஜோர்டன் குழுவே 1991-இல் பார்முலா ஒன்னில் புகுந்தது. 1998 ஆகஸ்டு 30 வரை, ஏழாண்டுகளுக்கு மேலாக, அது ஒரு பந்தயத்தையும் வென்றதில்லை. அன்று பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்னுமிடத்தில் பெருமழை. புறப்பட்ட சற்று நேரத்திலேயே பதின்மூன்று கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிச் சிதைந்தன. பந்தயத்தை மீண்டும் தொடங்க நேர்ந்தது. வல்லவர் பலர் வழுக்கி வீழ்ந்த அம்மழையில், ஜோர்டன் குழுவின் டேமன் ஹில் முதலிடமும், அவருடைய துணைவர் ரால்ஃப் ஷூமாக்கர் இரண்டாமிடமும் பெற்றனர். ஏழாண்டுகளாக வாராதது இரட்டையாக வந்தது. சூகாயின் வெற்றிக்கு மழையின் துணைகூட இல்லை எனலாம். ஆனால் காத்திருப்பின் சுவை இரண்டிடத்தும் ஒன்றே.

2008 மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில், அப்பருவத்தின் இறுதி நாளன்று, நரேன் மீண்டும் முதன்மைப் பந்தயத்தை வென்றார். பணமுட்டுப்பாட்டால் 2009-இல் அத்தொடரே நின்றுபோயிற்று. 2010-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2011 அக்டோபரில் தில்லிக்கு அண்மையில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது, தம் நாட்டு மக்கள் முன் பார்முலா ஒன் காரை ஓட்டும் வாய்ப்பும் அவர்க்குக் கிட்டியது.

நாமக்கல்லில் கட்டி முடித்த லாரி பட்டறையை விட்டுப் புறப்படும் நாளில் சூடம் ஏற்றிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பர். உரிமையாளர் பெயர் முகப்பில் பெரிதாக விளங்கும். கூட்டின் ஒரு மூலையில், கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத சிற்றெழுத்தில், கட்டிய பட்டறையின் பெயரும் இருக்கும். சூகாயில் கை உயர்த்தியவர்களின் பெயர்களை வெற்றிப் பட்டியலில் யாரும் எழுதி வைக்கவில்லை.