ஜப்பானில் இரண்டு பாதைகள்

டோக்கியோவில் ஒஸாகா வண்டி ஏறி வலப்புற ஜன்னலோரம் அமர்ந்தால், முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிந்திருக்கும் நாளில், பூஜி மலை தென்படும். கண்ணாரக் காண்பதற்குள் மலை பின்தங்கிவிடும். மணிக்கு 285 கிலோமீட்டர் வரை பறக்கும் வண்டியல்லவா! 515 கிலோமீட்டர் பிரயாணம் இரண்டரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. நம் தேசத்தார்க்கு இதைக் கண்டதும் எழுவது ஆசை. அதனுடன் எழவேண்டியது, இதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வி.

'ஷின்கான்ஸென்' என்ற சொல்லுக்குப் புதிய பிரதான பாதை என்பதே பொருள். அதில் வேகம் என்ற பேச்சே இல்லை. பழைய டொகாய்டோ பாதை நாட்டின் ரயில் நீளத்தில் நூற்றுக்கு 3 பங்குதான். பிரயாணிப் போக்குவரத்திலோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை அது சுமந்தது. மேலும் வண்டி விட இடமில்லாமற்போகவே புதுப் பாதை போட்டார்கள். சுமார் 20,000 கோடி யென் என்ற மதிப்பீடு 38,000 கோடியாகப் பெருகிற்று. ரயில்வேத் தலைவர் ஷின்ஜி ஸோகோ 1963-இல் பதவி துறந்தார். ஆயினும் 1964 அக்டோபர் 1-ந் தேதி வண்டி ஓடத் தொடங்கியது. உலக வங்கியிடம் வாங்கிய 8 கோடி டாலர் கடன் 1981-இல் தீர்ந்தது. முன்பே காத்திருந்த ஜனக்கூட்டமே செலவைக் கட்டிற்று.

அதே டோக்கியோவிலிருந்து வடக்கே நியிகாதா செல்லும் பாதை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்காக மலையைக் குடைந்து 22 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்தார்கள். பனி உறையாதபடி தண்டவாளத்தின் மீது நீர் தெளிக்கிறார்கள். வழியில் வயல்கள் சூழ்ந்த உராஸா என்ற சிறு நிலையத்தின் வெளியே, அப்பிரதேசத்தின் பிரதிநிதியும் முன்னாள் பிரதம மந்திரியுமான ககுயே தனகாவின் சிலை நிற்கிறது. இந்தப் பாதை யாருடைய செல்வாக்கால் வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

பனியில் அடைபட்ட ஜனங்களுக்கு நல்ல வழி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டியதுதான். ஆனால் அச்செலவு ரயில்வேயின் கடன் கணக்கில் மறைந்து கிடந்தது. 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். எல்லாம் அதிவேக வண்டிகளால் வந்ததன்று. எனினும் அதன் பெரும் பகுதி பொதுக் கஜானாவின் தலையில் விழுந்தது. பின்னர் கட்டிய பாதைகளில் மத்திய சர்க்காருடன் அந்தந்த மாகாணமும் செலவில் பங்கு ஏற்கிறது. கேட்பவன் கைப்பணமும் சேர்வதால் கேள்வி நிதானமாக எழுகிறது.

மும்பைக்கும் ஆமதாபாதுக்கும் இடையே 508 கிலோமீட்டர் பாதைக்கு 2017-இல் அடிக்கல் நாட்டினோம். அன்றைய மதிப்பீடு 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய். அதிற் பெரும்பகுதி நூற்றுக்கு 0.1 வட்டியில் ஜப்பான் தரும் கடன். வட்டி அற்பமெனினும் அசல் அசலே. இரு பெரும் நகரங்களின் நடுவே அது டொகாய்டோ வழியில் செல்லக்கூடும். இனி ஒவ்வொரு மாகாணமும் தனக்கொன்று கேட்கும். அப்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டு: வண்டிக்கு முன்னே கூட்டம் காத்திருக்கிறதா? காத்திராவிட்டால், செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?